புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கம்

எனக்கும் என் நாத்தனாருக்கும் ஏழாம் பொருத்தம். கல்யாணமான நாளிலிருந்து முகம் கொடுத்துப் பேசிக்கொண்டதில்லை. ஆனால் அவளுக்குக் குறைமாதத்தில் குழந்தை பிறந்து, நான் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தபோது, கோபதாபங்களை மூட்டை கட்டி வைக்க வேண்டியதாயிற்று.

வார்டுக்கு வெளியே பெற்றவர்கள் பார்ப்பதற்கென்று ஒரு திரை உண்டு. தினமும் காலையில் குழந்தைகளின் எடை அதில் வரும். இவள் குழந்தைக்கு ஒரு வாரமாக அதே 1.4 கிலோ. எடை ஏறுகிறது என்று நர்ஸ் சொன்னாள், டாக்டர் சொன்னார், என் கணவரும் சொன்னார். எல்லோரும் பேசி வைத்துக்கொண்டு தேற்றுகிறார்கள் என்று இவள் ஒரே பிடியாக நின்றாள். சாப்பாட்டைத் தொடவில்லை.

"அது வளரலை அண்ணி. என்கிட்ட மறைக்கிறீங்க" என்றாள்.

என் சீட்டுக்குப் போய் அந்தத் திரைக்கான புரோகிராமைத் திறந்தேன். எழுதியவர் எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர். எதையும் தானே செய்தால்தான் திருப்தி என்பதால் 'சொந்தச் சமையல்' என்று பெயர் வாங்கியவர். எண்ணை ஒழுங்காகக் காட்டுவதற்குக் கம்ப்யூட்டரிலேயே தயாராக ஒரு ஃபங்ஷன், அதாவது முன்கூட்டியே எழுதி வைத்த ஒரு குட்டிக் கட்டளை, இருக்கிறது. எண்ணைக் கொடுத்து, புள்ளிக்குப் பின்னால் எத்தனை இலக்கம் வேண்டும் என்று சொன்னால் போதும். மனிதர் அதைச் சீந்தவே இல்லை. புள்ளியைத் தேடிப் பிடித்து, ஒரே ஒரு இலக்கத்தை விட்டுவிட்டு மீதியைக் கத்தரித்துப் போட ஒரு பக்கத்துக்கு எழுதி வைத்திருந்தார். 1.402-உம் அவருக்கு 1.4 தான், 1.499-உம் 1.4 தான். தராசு கிராம் சுத்தமாகச் சொல்வதை இவர் வாயடைத்து வைத்திருந்தார். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தலைமை நர்ஸிடம் கேட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தையே தூக்கிக் கடாசினேன். தயார் ஃபங்ஷனை ஒரே வரியில் போட்டு, மூன்று இலக்கம் என்றேன்.

மறுநாள் காலை திரையில் 1.468. அந்த வாரம் முழுக்க ஏறிவந்த எடைகளையும் பதிவிலிருந்து எடுத்து வரிசையாகக் காட்டினேன். அன்றைக்குத்தான் இவள் வயிறாரச் சாப்பிட்டாள். எனக்கும் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அடுத்த நாள் 1.459.

இப்படி ஒன்பது கிராம் ஏறி இறங்குவது சகஜம் என்றார் டாக்டர். ஆனால் பழைய திரையாக இருந்தால் இவளுக்கு இது தெரிந்தே இருக்காது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டு ஓடினேன். திரைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வேண்டுமானால் பழையபடியே மாற்றிவிடுகிறேன் என்றேன்.

"வேணாம் அண்ணி. குறைஞ்சா நாளைக்கு ஏறும். ஒரே நம்பர்லயே நின்னப்பதான், உள்ள ஒண்ணுமே நடக்கலையோன்னு பயந்து செத்தேன்."

திரையைப் பார்த்து விரலை நீட்டினாள். பிறகு, "இன்னும் ஒரு நம்பர் கூடக் காட்ட முடியுமா?" என்றாள்.

அதற்கு மேல் தராசுக்கே தெரியாது என்றேன். சிரித்துவிட்டாள். நகர்ந்து உட்கார்ந்து, பெஞ்சில் எனக்கும் இடம் விட்டாள்.