ஓரத்துப் பிசிறு

டெய்லருக்குப் பிசிறு என்றாலே ஆகாது. துணியில் ஒரு நூல் தொங்கினால் போதும், மனுஷனுக்குச் சாப்பாடு இறங்காது. பிசிறு வெட்டும் கத்திரியை முன்னறைத் தையல் மேசையோடு விட்டிருந்தால் தேவலை. வீட்டுக்குப் பின்னால் கிடந்த துண்டு மண்ணுக்கும் கொண்டு போனார் பாருங்கள், அதுதான் வினையாகப் போயிற்று.

அந்த மண்ணில் வெயிலே விழாது. பக்கத்து வீட்டுப் பேக்கரிக்கார அம்மாளின் மரம் மதிலுக்கு மேலே குடை பிடித்து நின்றது. "என் வெயிலைத் திருடிட்டா!" என்று டெய்லர் ஒருநாள் தெரு கேட்கக் கத்தினார். அத்தோடு அந்த வீட்டுப் பக்கம் அவர் முகம் திருப்பியதே இல்லை.

அப்புறம்தான் அவர் மனைவி எங்கிருந்தோ ஒரு படர்செடி கொண்டுவந்து நட்டாள். நிழல்தான் அதற்குச் சோறு. தரையோடு தரையாக ஊர்ந்து, கணுவுக்குக் கணு வேர் விட்டு, பொடிப்பொடியாய் நீலப் பூ பூக்கும். ஒரு தடவை நட்டால் போதும், வருஷா வருஷம் தானாகத் தழைத்துக்கொள்ளும். ஆனால் சொன்ன இடத்தில் நிற்காது. செங்கல் வரிசையைத் தாண்டி நடைபாதைக்கு வந்துவிடும். டெய்லர் விடுவாரா? ஞாயிற்றுக்கிழமைதோறும் குந்தி உட்கார்ந்து, பேன்ட் மடிப்பு மாதிரி நேராக வெட்டித் தள்ளுவார்.

"அது பாட்டுக்குப் போகட்டுமே, விடுங்களேன்" என்பாள் மனைவி.

"ஓரம் ஒழுங்கா இருந்தாத்தான் எதுவும் ஒழுங்கா இருக்கும்" என்பார். வெட்டிப் போட்டதை அவள் கூடையில் அள்ளிக்கொண்டு போவாள். அவர் மறுபடி மெஷினில் உட்கார்ந்துவிடுவார். உட்கார்ந்தால் இடியே விழுந்தாலும் தலை நிமிராது.

போன மழைக்காலத்தில் அவள் போய்ச் சேர்ந்தாள். மகள் ஓடிவந்தாள், அழுதாள், "என்கூட வந்துடுங்கப்பா" என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு ஊர் திரும்பினாள். வீட்டில் சத்தம் போட மெஷின் மட்டும்தான் மிச்சம். ஒரு டம்ளர் காபி போட்டால் ஒரு டம்ளர் கழுவ வேண்டும், அவ்வளவுதான் குடித்தனம். டெய்லர் செடியைப் பிடித்துக்கொண்டார். அவள் கை பட்டு உயிரோடு இருப்பது இது ஒன்றுதானே. தண்ணீர் ஊற்றினார், உரம் போட்டார், ஒரு ஞாயிறு தவறாமல் ஓரம் வெட்டினார்.

செடிக்கு நடுவில் வழுக்கை விழுந்தது. பாவி மனுஷன், பயந்துபோய் இன்னும் அக்கறையாக வெட்டினார். கடைசியில் காய்ந்த தண்டும் வெறும் மண்ணும்தான். சாவு வீட்டில் அழாத அழுகையெல்லாம் அன்றைக்கு அந்த மண்ணில் உட்கார்ந்து அழுதார்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், மதிலின் அடியில் தண்ணீர் போகும் ஓட்டைக்கு அந்தப்பக்கம் நீலமாக என்னவோ தெரிந்தது. ஸ்டூல் போட்டு ஏறி எட்டிப் பார்த்தார். அடேயப்பா! மரத்தடி முழுக்க அதே செடி, மண் தெரியாமல் அடர்ந்து கிடந்தது.

ரோஷத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் போய்ப் பேக்கரிக்கார அம்மாளின் கதவைத் தட்டினார். மாவுக் கையோடு அவள் திறந்தாள்.

"அந்தச் செடியில ஒரு பிடி வேணும்மா. எங்க வீட்டுல பட்டுப்போச்சு. அவ நட்டது."

"ஒரு பிடி என்னண்ணா, எல்லாமே உங்களுதுதான்" என்றாள் அவள். "அக்காவுக்கு முதல் கொடி குடுத்தது நான். அப்புறம் நீங்க வெட்டிப் போடறதையெல்லாம் ஞாயித்துக்கிழமை கூடையில கொண்டாந்து இங்க ஊனிட்டுப் போவாங்க. இதுக்கு உயிரே நுனியிலதான், அதைப் போய் வெட்டறாரேன்னு சிரிப்பாங்க. அப்படியே உக்காந்து ரொம்ப நேரம் பேசிட்டிருப்போம்."

 மனைவி சிரித்து டெய்லர் பார்த்தே எத்தனையோ காலம் ஆகிறது. மதிலுக்கு இந்தப்பக்கம் வாராவாரம் சிரித்திருக்கிறாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அவ" என்றார்.

பேக்கரிக்கார அம்மாள் விரலில் ஒட்டிய மாவை உருட்டிக்கொண்டே தயங்கினாள்.

"சொன்னாங்களாம் அண்ணா. பல தடவை வந்து நின்னு சொன்னாங்களாம். நீங்க மெஷினை நிறுத்தலையாம்."