கூட்டத்தின் ஓரத்தில் ஒரு பெண்

பூச்செடிக் கண்காட்சி பற்றிய செய்தியைத் திருத்திக்கொண்டிருந்த செய்தி ஆசிரியை மூன்றாவது பத்தியில் நின்றுவிட்டாள். 'ரோஜாப் பந்தலுக்கு அருகே ஒரு பெண், ஒரு காலில் மட்டும் செருப்புடன், ஈரப் போர்வையொன்றை நெஞ்சோடு அணைத்தபடி நின்றிருந்தார்.' நல்ல வரிதான். ஆனால் போன வாரம் பாலத் திறப்பு விழாச் செய்தியிலும் இதே பெண் இதே போர்வையோடு நின்றிருந்தாள். அந்த வரியை ரசித்து அச்சுக்கு அனுப்பியதே இவள்தான்.

எழுதியவன் போர்முனையிலிருந்து அண்மையில் திரும்பிய நிருபன். அங்கிருந்து அவன் பேசும்போதெல்லாம் பின்னால் குண்டுச் சத்தம் கேட்கும். 'பத்திரமா இரு' என்பதையும் 'சீக்கிரம் அனுப்பு' என்பதையும் இவள் ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறாள். வந்தவன் கொஞ்சம் ஆசுவாசப்படட்டும் என்றுதான் திறப்பு விழா, கண்காட்சி என்று நோகாத வேலைகளாகக் கொடுத்தாள். "போருக்குப் போய்ட்டு வந்தவனுக்கு இதெல்லாம் போர் அடிக்கும்க்கா" என்று அலுவலகத்தில் கிண்டல் செய்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். வேளைக்கு வந்தான், சாப்பிட்டான், எழுதினான். பையன் தேறிவிட்டான் என்று இவள் கணவனிடம்கூடச் சொல்லியிருந்தாள்.

கண்காட்சிக்குக் கூடப் போன புகைப்படக்காரரை அழைத்தாள். அவர் படங்களை ஒவ்வொன்றாகத் திரையில் தள்ளிக் காட்டினார். பந்தலருகே பூத்தொட்டிகளும் வெறும் நடைபாதையும்தான் இருந்தன.

"அப்படி யாரும் வரலையே மேடம்" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "ஆனா தம்பி அந்த இடத்துல நின்னு பேசிட்டிருந்தாரு. போன்ல பேசறார்னு நெனச்சேன்."

இல்லாத ஆளை அச்சேற்றிவிட்டோமே என்ற கோபம் இவளுக்குள் ஒரு கணம் எழுந்து, நிற்க இடமில்லாமல் அடங்கிப்போனது. நிருபனைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"பாலத்துல பாத்த அந்தம்மாவத்தான் நேத்தும் பாத்தியா?"

"ஆமாக்கா." ஊர்க்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னான். "ஆஸ்பத்திரி மேல குண்டு விழுந்தப்போ வாசல்ல நின்னாங்களே, அவங்கதான். அந்தச் செய்தியோட கடைசிப் பத்தியில எழுதியிருந்தேன். நீங்க எடுத்துட்டீங்க."

குரலில் குற்றச்சாட்டே இல்லை. அதுதான் இவளை உலுக்கியது. எவ்வளவு துழாவியும் அந்தப் பத்தி நினைவுக்கு வரவில்லை. கடைசிப் பத்தி என்றாலே கத்தரிக்குத்தான் என்று பழகிப்போன கை.

"இடம் பத்தாம இருந்திருக்கும்டா."

"தெரியும்க்கா. நானும் அதத்தான் அவங்ககிட்ட சொல்றேன். கேக்கவே மாட்டேங்கறாங்க."

போர்வைக்குள் என்ன இருந்தது என்று கேட்க வாயெடுத்தவள் அப்படியே விழுங்கிக்கொண்டாள்.

"ஒரு டாக்டரப் பாத்துட்டு வரலாமா? நான் கூட வர்றேன்."

"சரிக்கா." மறுப்பான் என்று நினைத்திருந்தாள். அவன் உடனே தலையாட்டினான். "அவங்கள முதல்ல உக்காரச் சொல்லுங்கக்கா. நான் சொன்னா உக்கார மாட்டேங்கறாங்க."

அவன் பார்வை இவள் தோளைத் தாண்டிச் சுவரோரம் போயிருந்தது. இவள் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்து நாற்காலியில் கிடந்த தன் கைப்பையை மெல்ல எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.