ஏஸ்-கிங்கும் ஒரு நாற்காலியும்

அந்தப் போக்கர் சீட்டுக் கிளப்பில் ஒரு விதி உண்டு. தொடர்ந்து மூன்று ஞாயிறும் பந்தயச் சில்லுகளை எல்லாம் தோற்று முதல் ஆளாக எழுந்தால் நாற்காலி பறிபோகும். காத்திருப்பவர் வந்து உட்காருவார். லிஃப்ட் மெக்கானிக் இரண்டு ஞாயிறு எழுந்தாயிற்று. இன்று மூன்றாவது. காத்திருந்த பேக்கரிக்காரர், அவர்மேல் வைத்த அபார நம்பிக்கையில், சொந்தக் குஷனோடு வந்து பின்னால் நின்றார்.

வாரத்தில் ஆறு நாள் லிஃப்ட் குழிக்குள் தனியாக வேலை செய்கிறவருக்கு, நாலு முகங்களைப் பார்த்து உட்கார இந்த ஒரு மேஜைதான் இருந்தது. அதுவும் போய்விடுமோ என்று உண்மையிலேயே பயந்தார்.

கைக்கு ஏஸும் கிங்கும் வந்தன. பார்க்க அதைவிட லட்சணமான இரண்டு சீட்டு கிடையாது. போன இரண்டு வாரமும் அவரைக் கவிழ்த்தது அதே லட்சணம்தான். பந்தயத்தை ஏற்றினார். எதிரே இருந்த கண்ணாடிக் கடைக்காரர் மட்டும் அதே தொகை வைத்துக் கூட வந்தார்.

நடுவில் ஃப்ளாப், அதாவது இருவருக்கும் பொதுவான முதல் மூன்று சீட்டு, திறந்தது: குயின், ஏழு, இரண்டு. ஏஸும் இல்லை, கிங்கும் இல்லை. மாப்பிள்ளை மிடுக்கோடு வந்த கை, ஒரு ஜோடிகூடச் சேராமல் அசடு வழிந்தது.

இந்த மாதிரி நேரத்தில் தன் சீட்டை மறுபடி தூக்கிப் பார்ப்பது அவர் வழக்கம், அதற்குள் ஏதோ மாறியிருக்கும் போல. மேஜைக்கே தெரிந்த ரகசியம் அது. அவருக்குப் போன வாரம் மனைவி சொல்லித்தான் தெரியும்.

"கதவப் பூட்டிட்டு நாலு படி எறங்கி, திரும்ப ஏறி வந்து இழுத்துப் பாக்கறவரு நீங்க. அங்க மட்டும் சும்மா இருப்பீங்களா?"

கண்ணாடிக் கடைக்காரர் பந்தயம் எதுவும் வைக்காமல் 'செக்' என்று மேஜையைத் தட்டிவிட்டு அவர் விரல்களையே கவனித்தார். மெக்கானிக் இடது கையைத் தொடைக்குக் கீழே கொடுத்து உட்கார்ந்துகொண்டார். வலது கையால் அளவாக, நடுவில் கிடந்த பந்தயத் தொகையில் மூன்றில் ஒரு பங்கை வைத்தார். கண்ணாடிக் கடைக்காரர் வெகுநேரம் யோசித்து, அதே அளவு வைத்தார்.

நாலாவது சீட்டு ஒன்பது. எதிராளி மறுபடி செக்.

போன இரண்டு வாரமும் இதே இடத்தில்தான் 'ஏஸ்-கிங்கை எப்படி விடுவது' என்ற வீம்பில் இருந்த சில்லு எல்லாவற்றையும் பந்தயத்தில் தள்ளினார். இன்றும் உள்ளங்கை அரித்தது. ஆனால் எதிரே இருப்பவர் சும்மா கூட வருகிற ஆள் இல்லை. அவரிடம் ஏதோ இருக்கிறது. தன்னிடம் பழைய பெருமை மட்டும்தான் இருக்கிறது. அவரும் செக் என்று மேஜையைத் தட்டினார்.

கடைசிச் சீட்டு மூன்று. கண்ணாடிக் கடைக்காரர் பெரிய தொகையாக நகர்த்தினார்.

மெக்கானிக் அப்போதுதான் தன் இரண்டு சீட்டையும் தூக்கிப் பார்த்தார். பிறகு கவிழ்த்துத் தள்ளி, அந்தக் கையை விட்டுவிட்டார்.

"என்ன லிஃப்ட்டு, இப்பப் போய் பாக்கறீங்க?"

"விடப்போறேன்ல. ஒரு தடவ பாத்துக்கிட்டேன்."

கண்ணாடிக் கடைக்காரர் சிரித்துக்கொண்டே நடுவில் கிடந்த குயினோடு ஜோடி சேர்ந்த தன் குயினைத் திருப்பிக் காட்டினார். மெக்கானிக் முன்னால் சில்லுகள் பாதிக்குமேல் மிச்சம் இருந்தன.

பேக்கரிக்காரர் குனிந்து காதருகே கேட்டார். "எந்திரிக்கலையா?"

"இல்ல. நீங்க வேணா அந்தக் குஷனக் குடுங்க, நாற்காலி கொஞ்சம் கெட்டியா இருக்கு."