பின்பக்கம் முந்நூறு

தடால் என்று குளியலறையில் வாளி உருண்டது. தையல் மிஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள் மனைவி. பஸ் ஓட்டுநரான அவள் கணவர் சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தார். மூக்கிலிருந்து வழிந்த ரத்தம் காக்கிச் சட்டையை நனைத்திருந்தது.

"மூக்கைச் சிந்தினேன், அவ்வளவுதான். பிரேக்கே பிடிக்க மாட்டேங்குது."

அரை மணி நேரம் அழுத்திப் பிடித்தும் நிற்கவில்லை. போன வருஷம் மாரடைப்பு வந்ததிலிருந்து, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை விழுங்குகிறவர். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

டாக்டரம்மா மூக்கில் பஞ்சை வைத்து அடைத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்தார். காலையிலிருந்து நாற்பது பேரைப் பார்த்த களைப்பு.

"வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறாரான்னு போன மாசமே கேட்டேனே? இல்லைன்னீங்க."

"மாத்திரை இல்லைங்க, மீன் எண்ணெய்தான். இதயத்துக்கு நல்லதுன்னு துணி தைக்கக் குடுக்க வந்தவங்க சொன்னாங்க. மீனு மருந்தாகுமா?" பையிலிருந்து புட்டியை எடுத்து வைத்தாள்.

"தினம் எத்தனை?"

"நாலு கேப்சூல். முன்பக்கம் ஆயிரம் மில்லிகிராம்னு பெருசா போட்டிருக்கான். பின்பக்கம் பார்த்தா அதுல ஒமேகா சத்து முந்நூறுதான். ஏமாத்திட்டானேன்னு ஒண்ணை நாலாக்கிட்டேன்."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, முழுசாக வரவில்லை.

"பின்பக்கம் படிச்சது கெட்டிக்காரத்தனம்மா. படிச்சிட்டு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? சீட்டில்லாம கடையில கிடைக்கிறதால அது மிட்டாய் ஆகிடாது. இந்த இதய மாத்திரையோட அதை அளவு கூட்டிக் குடுத்தா ரத்தம் கசியுற ஆபத்து அதிகமாகலாம். மூக்குல வந்ததால தெரிஞ்சுது. தலைக்குள்ள கசிஞ்சிருந்தா? வாயில எது போட்டாலும், எத்தனைன்னு டாக்டருக்குத் தெரியணும். ரத்தப் பரிசோதனை பார்ப்போம். இதை நிறுத்துங்க. இதய மாத்திரையை மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க."

"என் கையாலேயே..." அவள் தன் கையையே பார்த்தாள். விடியற்காலையில் எழுந்து, மறக்காமல், எண்ணி எண்ணிக் கொடுத்த கை அது. மடியில் கிடந்த அந்தக் கையைத் தூக்கிக் கண்ணைத் துடைக்கக்கூடத் தெம்பில்லை.

டாக்டரம்மா சீட்டில் 'மீன் எண்ணெய், தினம் நான்கு' என்று எழுதத் தொடங்கினார்.

ஓட்டுநர் மனைவியை ஒரு முறை பார்த்தார். பஞ்சடைத்த மூக்கோடு கரகரத்தார்.

"நாலுன்னு எழுதாதீங்க டாக்டர், ஆறுன்னு எழுதுங்க. டெப்போவுல என் பெட்டிக்குள்ள இவளுக்குத் தெரியாம இதே எண்ணெய் இன்னொரு புட்டி இருக்கு."