மீதித் தூரம்

காலையிலிருந்தே தோள்பட்டை கடுத்தது. சிறுவயதில் வெள்ளீயத் தாது மூட்டை சுமந்த தோள் அது. எங்கள் மலைச் சுரங்க ஊரான ஓருரோவின் குளிர் ஏறிவிட்டால் கீபோர்டில் கை வைக்க விடாது.

மருத்துவமனையின் ரத்த வங்கி புரோகிராம் விண்டோஸுக்கென எழுதியது. கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிய பிறகு, அது விண்டோஸில்தான் இருக்கிறோம் என்று நம்பி ஓட நடுவில் ஒரு மென்பொருள் வைத்திருந்தோம். பார்த்துக்கொண்டது நானும் ரெம்பெர்த்தோவும். புரோகிராம் பெரிய கோப்பின் ஒரு துண்டை நினைவகத்துக்கு எடுக்கும்போதெல்லாம், தொடங்கும் இடம் தப்பு என்று பிழை காட்டிச் செத்து விழும். நேற்று மாலை ரெம்பெர்த்தோ ஒரு வரி சேர்த்தான். பிழை நின்றது.

"பாத்தியாடா? சால்த்தேன்யா வாங்கிக் குடு" என்றான். கறி அடைத்துச் சுட்டது ஒன்று சூடாக வாங்கிக் கொடுத்தேன்.

இன்று ரத்த ஆய்வகத்துத் தோன்யா ஹசிந்தா கண்ணாடித் தகடோடு வந்து நின்றார்.

"செனோபியோ கொல்கேக்கு ஏ பாசிட்டிவ்னு உங்க திரை சொல்லுது. அந்தப் பை ரத்தத்தோட அவன் ரத்தத்தக் கலந்து பாத்தா திரிஞ்ச பால் மாதிரி கட்டி கட்டியா நிக்குது."

"பேரத் தப்பா அடிச்சிருப்பீங்க" என்றேன்.

"உங்கம்மா பேர நீ மறப்ப, நோயாளி பேர நான் மறக்கமாட்டேன். அவன் குடல் வெடிச்சு ஆபரேஷன் மேஜைல கெடக்கான். அவசரம்னு பைய மேல தூக்கிட்டுப் போயிட்டாங்க. போன யாரும் எடுக்கல!"

ரெம்பெர்த்தோ நாற்காலியைத் தள்ளிவிட்டு மாடிக்கு ஓடினான்.

நான் அந்த வரியைத் திறந்தேன்.

சுரங்கத்தில் ஆளை இறக்கும் கூண்டு எல்லா இடத்திலும் நிற்காது. மேல் தளத்தில் இறங்கி, மீதித் தூரத்தை ஏணியில் இறங்க வேண்டும். விண்டோஸ் வழக்கமும் அதுதான். துண்டு சில இடங்களில்தான் தொடங்கலாம். ரெம்பெர்த்தோ முந்தைய தளத்தில் நிறுத்தியிருந்தான். அங்கிருந்து கேட்ட நோயாளியின் பதிவு வரையான மீதித் தூரத்தைக் கூட்டவில்லை. பெயர் வேறு கோப்பிலிருந்து வருவதால் சரியாக வந்தது. ரத்த வகை மட்டும் வேறொருவனுடையது. சோதிக்கும்போது நாங்கள் எப்போதும் முதல் நோயாளியைத்தான் திறப்போம். கோப்பின் தொடக்கத்திலேயே இருக்கும் அவனுக்கு மீதித் தூரமே கிடையாது.

"நேத்திலேர்ந்து வேற யாருக்காவது ஏத்துனீங்களா?" என்று கேட்டேன்.

"இவன்தான் மொத ஆளு" என்றார் ஹசிந்தா. விட்டுப்போன கூட்டலை அந்த வரியில் சேர்த்தேன்.

ரெம்பெர்த்தோ திரும்பினான். காற்று மெலிந்த உயரத்தில் மாடி ஏறி இறங்கியதில் உதடு நீலம். கையில் குழாய் தொங்கும் பை.

"ஊசி ஏறியிருந்துச்சுடா. கிளிப்பத் திறக்கப் போனாங்க. கையத் தட்டிவிட்டேன்." தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

செனோபியோ ஓ வகை. பிழைத்தான்.

குழாய் செருகிய பையை வங்கி திரும்ப எடுக்காது. எடுத்த ஒவ்வொரு பைக்கும் நோயாளி வீட்டார் ரத்தம் கொடுக்க ஓர் ஆளைக் கொண்டுவர வேண்டும். வீணான பைக்கும் சேர்த்து செனோபியோவின் மனைவியிடம் கேட்டார்கள்.

"அது எங்க கணக்கு" என்றேன்.

"எங்கன்னா? உனக்குத்தான் முன்னாடி மஞ்சக் காமாலை வந்திருக்கே, உன் ரத்தம் யாருக்கு வேணும்?" என்றார் ஹசிந்தா.

ரெம்பெர்த்தோ சட்டைக் கையைச் சுருட்டினான். ரத்த அழுத்தம் எகிறியிருந்தது. திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வங்கிக்கு நாங்கள் ஒரு பை ரத்தம் கடன்பட்டிருக்கிறோம். இன்னும் கொடுக்கவில்லை.