வெறும் நெற்றி

மலாயாவில், சுங்கை பட்டாணியில் கடைப்பலகை எழுதிப் பிழைத்தவர் பரஞ்சோதி. ஜப்பான்காரன் வந்தபிறகு கடைகளே பாதி மூடிக்கிடந்தன, பலகைக்கு யார் வருவார்கள்? ஆனாலும் ஒருநாள் வேலை வந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டுமாம். ரப்பர் தோட்டத்துக்குத் தோட்டம் தொங்கவிடப் பட அட்டைகள் எழுதித் தரவேண்டுமாம்.

ஜப்பானிய அதிகாரி சொன்னதைத் துபாஷி கனகரத்தினம், யாழ்ப்பாணத்தார், தமிழில் சொன்னார்.

"எழுத்து வேண்டாமாம் காணும். சைக்கிளிலை போறவன் இறங்காமலே விளங்க வேணும். ஒரு அட்டையிலை ஒரே சேதி."

"அதுதானே ஐயா என் தொழில். சிவப்பை ஒரே இடத்துல வைக்கணும். ரெண்டு இடத்துல வச்சா கண்ணு அலையும்."

சிவப்பு சூரியனுக்கு மட்டும் என்று முடிவாயிற்று.

சயாமுக்குப் போகிற ரயில் பெட்டிகள் ஆள் நிறைந்து போகின்றன, காலியாகத் திரும்புகின்றன என்று ஸ்டேஷனில் வேலைபார்ப்பவர் ஒருவர் பரஞ்சோதியின் காதில் ஓதியிருந்தார். வெளியே சொன்னால் தலை இருக்காது. சுங்கை லாலாங் தோட்டத்தில் இருந்த தங்கை புருஷன் அய்யாவுவிடம் மட்டும் சொல்லிப் பார்த்தார்.

"அரிசி தர்றானாம் மச்சான். இங்க மரவள்ளி தின்னு தின்னு வயித்துல செடியே முளைச்சிரும் லா. நீங்க சும்மா பயப்படாதீங்க!" என்று சிரித்தான் அய்யாவு.

பரஞ்சோதி எழுதினார். ரயில், அரிசி மூட்டை, சன்னலில் சிரிக்கும் ஆண், கீழே கையசைக்கும் மனைவி. மேலே சூரியன். மனைவியின் நெற்றியிலும் கழுத்திலும் ஒன்றும் வைக்கவில்லை. அதிகாரிக்குப் படம் மிகவும் பிடித்துவிட்டது.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் அட்டை தொங்கியது. பால்மரம் வெட்டப் புறப்பட்ட பிச்சையம்மாள்தான் முதலில் நின்றாள்.

"அடியே, இவ பொட்டில்லாம நிக்கிறாடி."

"தாலியும் காணோம்க்கா."

அன்று ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை. அய்யாவுவும் வீடு திரும்பினான்.

இரண்டொரு நாளில் கனகரத்தினம் கடைக்கு வந்தார். பின்னால், தோட்டங்களில் கழற்றிய அட்டைகளோடு ஒரு சிப்பாய்.

"பொட்டு எங்கை காணும்?"

"ஒரே சிவப்புன்னு..."

"உம்மைப்போலை எனக்கும் தங்கச்சி இருக்கிறா. நீர் மறந்துபோனீர் எண்டு அதிகாரியிட்டைச் சொல்லிப்போட்டன். இண்டைக்கே எல்லாத்திலையும் வையும். திரும்ப என்னாலை பொய் சொல்லேலாது."

சிப்பாயின் துப்பாக்கிக் கத்தி சாயத் தகரத்தைத் தட்டியது. பரஞ்சோதி தூரிகையை முக்கினார். ஒவ்வொரு அட்டையாகப் பொட்டு விழுந்தது, கழுத்தில் மஞ்சள் கயிறும் ஏறியது. இப்போது கண் சூரியனுக்குப் போகவில்லை. நேரே அந்தப் பெண்ணின் முகத்துக்குப் போனது. அவர் எழுதியதிலேயே நல்ல அட்டை அதுதான்.

மறுவாரம் தங்கை ராக்காயி, முந்தானையில் கொஞ்சம் அரிசி முடிந்துகொண்டு, கடைக்கு நடந்தே வந்தாள்.

"உனக்குத்தாண்ணே கொண்டாந்தேன். முன்பணமா கொடுத்த அரிசி."

"யார் கொடுத்தது?"

"மொத அட்டையப் பாத்து நாந்தான் அவரை மறிச்சேன். ஒன் கை எனக்குத் தெரியாதா? அப்புறம் புது அட்டை வந்துச்சு. அண்ணனே பொட்டு வச்சிருச்சு, இனி என்ன பயம்னு நானே சட்டை தொவைச்சுக் குடுத்து அனுப்பிட்டேன். காலையில ரயில் ஏறிட்டாரு."

அவள் நெற்றியில் குங்குமம் பெரிதாக இருந்தது. பரஞ்சோதியின் கண் வேறெங்கும் போகவில்லை.