ஐந்தடி ஒன்பது அங்குலம்

"போதும், விடுங்க," என்றாள் யூனிஸ்.

எலுமிச்சம்பழத் துண்டை வைத்து யூஜினின் நகங்களைத் தேய்த்துக்கொண்டிருந்த சபைக்காரர் கையை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். ஹால் நடுவில் இரண்டு ஸ்டூல்கள் மேல் பெட்டி இருந்தது. ரிட்டயர்மென்ட் அன்றைக்குப் போட்ட நீலக் கோட்டைத்தான் யூஜினுக்குப் போட்டிருந்தார்கள். கோட்டுக் கைக்கு வெளியே தெரிந்த பத்து நகங்களிலும் எஞ்சின் ஆயில் கறுப்பாக ஏறிப்போயிருந்தது.

"இல்லம்மா, பெட்டியத் தெறந்துதான வெக்கிறோம். வர்றவங்க எல்லாம் பாப்பாங்க..."

"பாக்கட்டும். சோப்பு, மண்ணெண்ணை எல்லாம் போட்டு மூணு வருஷமா நானே தேச்சிட்டேன், போகல. அது அவரு கை. விடுங்க."

எலுமிச்சம்பழம் வில்ஃப்ரெட்டின் யோசனை. வில்ஃப்ரெட் யூனிஸின் அண்ணன். சபைக் கமிட்டியில் இருபது வருடமாக இருப்பவர். ரிச்சர்ட்ஸ் டவுனில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் பெட்டி, பூ, குழி, வண்டி எல்லாம் அவர் பொறுப்பு. நேற்றுக் காலை யூஜின் பாதி இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்ததிலிருந்து அவர் ஒரு நிமிடம் உட்காரவில்லை. குறை சொல்ல முடியாது. ஆனால் வீடு நேற்றிலிருந்து தன் வீடு மாதிரியே இல்லை என்று யூனிஸுக்கு எரிச்சலாக இருந்தது.

"யூனிஸ், மூணு மணிக்கு சர்ச்சில ஆராதனை," என்றார் அவர். "சர்ச் வண்டி வாசல்ல வந்துடுச்சு. ரெண்டரைக்குக் கெளம்பிட்டாப் போதும்."

"அந்த வண்டி வேணாம்ணா."

"வேணாம்னா?"

"அவரு அவரோட வண்டில போவாரு."

பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்தினார்கள். எல்லோருடைய கண்ணும் ஜன்னலுக்குப் போனது. வெளியே, வீட்டை ஒட்டிய தகர ஷீட்டுக்குக் கீழே, சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது அந்த மெட்டடோர் வேன்.

எழுபத்தெட்டாம் வருட மாடல். ஒரு கான்வென்ட்டின் பின்கட்டில் டயர் இல்லாமல் கிடந்தது. உள்ளே கோழி வளர்த்துக்கொண்டிருந்தார்கள். யூஜின் அதைக் கொண்டுவந்து இறக்கிய அன்று ஒரு கோழியும் கூடவே வந்தது. அன்றைக்கு யூனிஸ் வைத்த பெயர்தான் கோழிக்கூண்டு. "ரிட்டயர் ஆன மனுஷனுங்க பைபிள் படிப்பாங்க, வாக்கிங் போவாங்க. இவரு கோழிக்கூண்டுக்கு அடியில படுத்துக் கெடக்கறாரு," என்று அவள் போய்ச் சொல்லாத ஆள் பாக்கி இல்லை. சொல்லிக்கொண்டே அதன் சீட்டுக்கெல்லாம் உறை தைத்துக் கொடுத்தவளும் அவள்தான். அரக்கு ரெக்ஸின், ஓரத்தில் க்ரீம் கலர் பைப்பிங். அவளுடைய தையல் மெஷினில் ஆறு ஊசி உடைந்தது. வயரிங் முழுக்க மகள் ஆஞ்சலா. ஹெப்பாளம் பக்கம் ஐ.டி. கம்பெனியில் இருப்பவள், சனி ஞாயிறு வந்தால் அப்பாவோடு டாஷ்போர்டுக்குள் தலையை விட்டுக்கொள்வாள். எஞ்சின் மட்டும் பிரேசர் டவுன் மெக்கானிக் ஷஃபி.

"ஏம்மா, நீதான மூணு வருஷமா அந்த வண்டியத் திட்டித் தீத்தே?" என்றார் வில்ஃப்ரெட்.

"நான் திட்டுவேன். என் புருஷன், என் வாசல், நான் திட்டுவேன். வேற யாரும் திட்டக்கூடாது."

"அதுக்கு எஃப்.சி. இல்ல, இன்ஷூரன்ஸ் இல்ல. போலீஸ் புடிச்சா?"

"சாவு வண்டிய நிறுத்தி பேப்பர் கேட்ட போலீஸ் எவனாவது இருந்தா வரச் சொல்லு. நான் பேசிக்கிறேன்."

"நடு ரோட்டுல நின்னுடுச்சுன்னா? பெட்டியோட?"

"நிக்காது மாமா," என்றாள் ஆஞ்சலா. அழுது அழுது அவள் குரல் கட்டிப்போயிருந்தது. "மூணு வாரம் முன்னாடி ஸ்டார்ட் பண்ணோம். முக்கா மணி நேரம் ஓடிச்சு."

அது உண்மைதான். ஓடியது, கொடியில் காய்ந்த வெள்ளைப் பெட்ஷீட் எல்லாம் கரியானது, யூனிஸ் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைப்பதை நிறுத்தியது. யூஜின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ஏறு யூனி, ஒரு நிமிஷம் உக்காந்து பாரு," என்றார். "ரோட்டுல ஓடற அன்னிக்கிதான் ஏறுவேன். போங்க," என்று சொல்லிவிட்டு பெட்ஷீட்டை உருவிக்கொண்டு உள்ளே போனாள். நேற்று முழுக்க, வந்தவர்கள் எல்லாம் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னபோது, அவள் காதில் அந்தப் 'போங்க' மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம் ஏறி உட்கார்ந்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? இன்றைக்கு அந்த வண்டியில் அவரோடு ரோட்டுக்குப் போயே தீரவேண்டும். இல்லாவிட்டால் மிச்ச ஆயுசு முழுக்க அந்த ஒரு சொல்லோடுதான் அவள் இருக்கவேண்டும்.

வில்ஃப்ரெட் அவள் கையைப் பிடித்து வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"சரி. வண்டி ஓடும், ஒத்துக்கறேன். இங்க பாரு. எப்பிடி வெளிய எடுப்பே?"

கேட்டின் இரு பக்கமும் தூண்கள் நின்றன. கறுப்பு கிரானைட் பதித்த தடித் தூண்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பித்தளை விளக்கு. வேன் வந்த மாதம் பழைய காம்பவுண்டுச் சுவர் சாய்ந்துவிட்டதென்று மொத்தமாக இடித்துப் போட்டிருந்தார்கள். அந்த இடைவெளி வழியாகத்தான் வேனைத் தள்ளி உள்ளே கொண்டுவந்தது. அப்புறம் சுவர் எழும்பியது. ஓரடித் தூண் போதும் என்றார் மேஸ்திரி. ஒல்லித் தூண் வைக்க இது என்ன மாட்டுக் கொட்டகையா என்று சண்டை போட்டு, ஜிகணிக்கு இரண்டு தடவை போய்க் கல் பார்த்து எடுத்து, தடித் தூணாகவே வைக்கச் சொன்னவள் யூனிஸ்.

"வண்டி ஆறடி இருக்கும். கேட்டு ஆறடி இல்ல, பாத்தாலே தெரியுது," என்றார் வில்ஃப்ரெட். கேலியாகச் சொல்லவில்லை. "மாப்ள ட்ராஃப்ட்ஸ்மேன் வேற. ஒரு மில்லிமீட்டர் பெசகினா டிராயிங்கையே கிழிச்சுப் போடுவான். ஊர்ல இருக்கற எல்லாத்தையும் அளந்தான், இத மட்டும் அளக்காம வுட்டுட்டான் பாரு."

யூனிஸ் கேட்டைப் பார்த்தாள். ஒரு நாளைக்கு நாற்பது தடவை இதைக் கடந்து போகிறாள். மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட அவளுக்குத் தோன்றவில்லை.

"அப்பா அளந்தாரு," என்றாள் பின்னால் வந்து நின்ற ஆஞ்சலா.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"தூண் வேல முடிஞ்ச அன்னிக்கே அளந்தாரு. டேப்போட இன்னொரு முனையப் புடிச்சது நான்தான். அஞ்சடி ஒம்போது இன்ச். மூணு இன்ச் பத்தல. டேப்ப சுருட்டி பாக்கெட்ல போட்டுட்டு, அம்மாகிட்ட சொல்லாதன்னாரு."

யூனிஸுக்கு அந்தச் சாயங்காலம் ஞாபகம் இருந்தது. உள்ளே வந்து காப்பி கேட்டார். "எப்பிடி இருக்கு என் தூணு?" என்று அவள் கேட்டாள். "அரமன கேட்டு மாதிரி இருக்கு," என்றார். இரண்டு நாள் அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை.

"ஏன் சொல்லல?"

"நீ ஆசப்பட்டு வெச்சது, வண்டி ஓடுமா ஓடாதான்னே தெரியாம அத எதுக்கு இடிக்கணும்னாரு." ஆஞ்சலா மூக்கை உறிஞ்சினாள். "அப்பறம்... வண்டி ரெடியாகட்டும், அன்னிக்கி உங்கம்மாவே கடப்பாரையத் தூக்குவா, நீ வேணா பாருன்னாரு."

"அப்பிடியா சொன்னாரு?"

"ஆமாம்மா."

யூனிஸுக்கு வந்த கோபத்தில் உள்ளே போய்ப் பெட்டியிலிருந்த மனிதரைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது. மூன்று வருடம்! ராத்திரி சாப்பாட்டில் தினமும், "இது என்னிக்கு இந்த வாசலத் தாண்டப்போவுது" என்று அவள் குத்திக் குத்திப் பேசியபோதெல்லாம், தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டு சிரித்துக்கொண்டே இருந்தாரே. எப்பேர்ப்பட்ட அழுத்தக்காரன்! அந்தக் கோபத்தின் பின்னாலேயே, நேற்றிலிருந்து வராத அழுகை வந்தது. வராந்தாவை விட்டு இறங்கிப் போய், கேட்டுத் தூணில் கை வைத்துக்கொண்டு, யாரைப் பற்றியும் கவலைப்படாமல், வாய்விட்டு அழுதாள். வில்ஃப்ரெட் தோளைத் தொட வந்தார். தள்ளிவிட்டாள்.

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"ஷஃபி!"

காலையிலிருந்து வேனுக்குப் பக்கத்தில் கவிழ்த்த டின் மேல் உட்கார்ந்திருந்த ஷஃபி எழுந்து வந்தார்.

"கடப்பார எங்க இருக்கு?"

"ஷெட்லதான் இருக்கு அக்கா. நா ஒடைக்கிறேன், நீங்க உள்ள போங்க."

"மொத அடி நான்தான் அடிக்கணும். கொண்டா."

"யூனிஸ், உனக்குப் பைத்தியமா?" என்றார் வில்ஃப்ரெட். "வீட்டுல பொணத்த வெச்சிக்கிட்டு செவுர இடிக்கிற குடும்பத்த நான் பாத்ததே இல்ல."

"இன்னிக்குப் பாத்துக்கோண்ணா."

முதலில் ஸ்டூல் போட்டு ஏறி, பித்தளை விளக்கைத் திருகிக் கழற்றி வராந்தாவில் வைத்தாள். வெள்ளைப் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு கடப்பாரையைத் தூக்கி ஒரு போடு போட்டாள். கல்லில் ஒரு கீறல்கூட விழவில்லை. மணிக்கட்டுதான் விண்ணென்று வலித்தது. இரண்டாவது அடியும் வீண். மூன்றாவதில் ஓரத்துக் கல் பெயர்ந்து கீழே விழுந்து இரண்டாக உடைந்தது. எவ்வளவு அலைந்து எடுத்த கல்! அவளுக்கு ஒரு சொட்டு வருத்தம் வரவில்லை.

மீதியை ஷஃபி பார்த்துக்கொண்டார். தெருவில் நின்ற சர்ச் வண்டி டிரைவர் கொஞ்ச நேரம் பீடி பிடித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவரும் வந்து சேர்ந்தார். சாவுக்கு வந்தவர்கள் செங்கல்லைக் கைமாற்றி ஓரத்தில் அடுக்கினார்கள். வெள்ளை அங்கியோடு வந்த பாஸ்டர் வாசலில் நின்று தூணைப் பார்த்தார், யூனிஸைப் பார்த்தார், அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு செங்கல்லைத் தாண்டி உள்ளே போய்விட்டார்.

ஆஞ்சலா பின் சீட்டின் போல்ட்டுகளைக் கழற்றி, பெட்டிக்கு இடம் பண்ணினாள். இரண்டே முக்காலுக்கு வழி திறந்தது. ஷஃபி டேப்பைப் பிடித்து, "ஏழடி இருக்கு அக்கா," என்றார். "தாராளமா போகும்."

ஜெபம் முடிந்து பெட்டி ஏறியது. பின் கதவு சாத்திக்கொண்டது. அந்தக் கதவின் கொண்டிக்காக யூஜின் சிவாஜி நகர் குஜிலிப் பழைய சாமான் சந்தையில் நாலு ஞாயிற்றுக்கிழமை அலைந்திருந்தார். ஆஞ்சலா டிரைவர் சீட்டில் ஏறி, எஞ்சினைச் சூடாக்கும் ஹீட்டர் சுவிட்சைப் பிடித்துக்கொண்டு மனதுக்குள் எண்ணினாள். சாவியைத் திருப்பினாள். எஞ்சின் இருமியது, நின்றது. மறுபடி திருப்பினாள். பிடித்துக்கொண்டது. வந்த புகையில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் இரும ஆரம்பித்தார்கள்.

யூனிஸ் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். தான் தைத்த உறை தொடைக்குக் கீழே வழவழவென்று இருந்தது.

"அண்ணா, நீயும் ஏறு."

"நான் அதுல வர்றேன்," என்று வில்ஃப்ரெட் சர்ச் வண்டியைக் காட்டினார். "நடுவுல நின்னா மாத்தறதுக்கு ஒரு வண்டி வேணுமில்ல."

அப்படித்தான் போனார்கள். முன்னால் நீலமும் க்ரீமுமாக மெட்டடோர், அதன் பின்னாலேயே சர்ச்சுக்கும், அங்கிருந்து கல்பள்ளிக் கல்லறைக்கும் பெட்டி இல்லாத சர்ச் வண்டி. கோல்ஸ் பார்க் சிக்னலில் ஒரு போலீஸ்காரர் வண்டியை ஏற இறங்கப் பார்த்தார். யூனிஸ் அவரைத் திருப்பிப் பார்த்தாள். அவர் விசில் ஊதி மற்ற வண்டிகளை நிறுத்தினார். ஒரு மேட்டில் ஆஞ்சலா இரண்டாவது கியர் விழாமல் திணறியபோது, "மெதுவா, மெதுவா, அவசரமே இல்ல," என்றாள் யூனிஸ். வண்டி எங்கும் நிற்கவில்லை.

மண் போட்டு முடிந்து எல்லோரும் கலையும்போது வில்ஃப்ரெட் பக்கத்தில் வந்து நின்றார். கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எடது பக்கம் பிரேக் லைட் எரியல," என்றார்.

வீட்டுக்கு வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. ஒற்றைத் தூணில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கீல் போன கேட்டு ஒரு பக்கமாகச் சுவரில் சாய்ந்திருந்தது.

"நாளைக்கே மேஸ்திரிய வரச் சொல்றேன்," என்றார் வில்ஃப்ரெட்.

"வேணாம்ணா. அப்பிடியே இருக்கட்டும்."

ஆஞ்சலா வண்டியை எப்போதும் நின்ற மாதிரி நேராக ஷீட்டுக்குக் கீழே விடப் போனாள். யூனிஸ் இறங்கி, குறுக்கே கையை நீட்டினாள்.

"ரிவர்ஸ்ல போடு. மூஞ்சி ரோட்டப் பாத்து இருக்கட்டும்."

பின்னால் போய்ச் சுவரோரம் நின்றுகொண்டு, வண்டியின் பக்கத் தகட்டைத் தட்டினாள். "வரலாம்... வரலாம்... இன்னும் வரலாம்... ஆங், போதும்."

ஆஞ்சலா பிரேக்கை மிதித்தாள். சுவரில் வலது பக்கம் மட்டும் சிவப்பு விழுந்தது. யூனிஸ் எரியாத விளக்கின் கண்ணாடியை விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். எரியவில்லை.

"நாளைக்கு லீவுதான நீ?" என்றாள். "உங்கப்பாவோட ஸ்க்ரூ டிரைவர வெளியவே வெச்சிட்டு வா."